வியாழக்கிழமை ராத்திரி பிறந்தவள்

கிறிஸ்தவப் பையன் ஜாதகம் அடித்துப் பிழைக்கிறானே என்று என் அம்மா சாரம்மாள் அந்த இரண்டு வருடமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், பேச்சு மட்டும் கிடையாது. நான் என்ன செய்ய? பாளையங்கோட்டையில் பகலில் கல்லூரி, சாயங்காலம் சும்மா கிடக்கிறோமே என்று வேலை தேடினால், ஊரில் கம்ப்யூட்டர் இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் என்னைப் போன்ற மாணவனைப் பகுதி நேரத்துக்கு வைத்துக்கொள்ளத் தயாராக இருந்த ஒரே ஆள், டவுன் ரத வீதியில் கணினி ஜாதக நிலையம் வைத்திருந்த ஞானசம்பந்தன் அண்ணாச்சி.

கலையரசி எனக்கு நான்கு மாதம் முன்பே அங்கே சேர்ந்திருந்தாள். சீவலப்பேரிக்காரி. அப்பா முத்துமாலை வயல் வேலை பார்ப்பவர், அம்மா இல்லை. எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி விட்டதும் டவுன் பஸ் பிடித்து வந்து, எங்களோடு வேலை பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிடுவோமோ என்று தினமும் பதறி, ஒரு நாளும் தவறவிடாதவள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் அம்மாவின் கோபம் குறுக்கே வந்துவிட்டது, போகட்டும்.

கம்ப்யூட்டர் இருந்த அறையை அண்ணாச்சி பூஜை அறை போலத்தான் வைத்திருந்தார். செருப்பை வெளியே விட வேண்டும். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை போடுவார். புகை தூசியைவிடக் கெடுதல் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டாலும் கேட்க மாட்டார். "ஏலே பாக்கியசீலா, ஒனக்கு அதெல்லாம் வெளங்காது, நீ வேதக்காரப் பய," என்பார். அந்த அறையில் ஏ.சி. இருந்தது. சித்திரை வெயிலில் வெளியே தார் உருகும்போது உள்ளே நாங்கள் கை விரைத்துப்போய் உட்கார்ந்திருப்போம். பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த அறையில் கிடைத்த சந்தோஷம் அதற்குப் பிறகு நான் பார்த்த எந்தப் பெரிய ஆபீஸிலும் வரவில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கூட்டத்துக்குக் காரணம் தொண்ணூற்றிரண்டில் வந்த வெள்ளம். தாமிரபரணி வீடுகளுக்குள் புகுந்து போனபோது, ஆற்றங்கரை ஊர்களில் பெட்டியில் கிடந்த ஜாதகக் குறிப்புகளையும் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்ததும் சனங்கள் எங்களைத் தேடி வந்தார்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் இந்த மூன்றையும் தட்டினால் ராசி, நட்சத்திரம், கட்டம் எல்லாம் கம்ப்யூட்டரே கணித்துவிடும். தமிழ் மாதத் தேதி சொல்பவர்களுக்குப் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி இங்கிலீஷ் தேதி கண்டுபிடிப்பது எங்கள் வேலை. அதோடு அண்ணாச்சி கல்யாணத் தகவல் மையமும் நடத்தினார். யாருக்கு எந்த வரன் பொருந்தும் என்று எடுத்துத் தர, வந்தவர்களின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்ந்துகொண்டே இருந்தது.

கலையரசி வந்துதான் அதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு வந்தது என்று அண்ணாச்சியே சொல்வார். ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் தட்ட வேண்டும், பிறகு மாற்றி உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். பழைய விவரத்தை அழிக்கக் கூடாது. திருத்தினால் யார் திருத்தியது, எதற்கு என்று பக்கத்திலேயே பதிய வேண்டும். பெண் வீட்டார் சம்மதம் இல்லாமல் ஒரு பெண்ணின் விவரத்தையும் வெளியே காட்டக் கூடாது. இந்தக் கடைசி விதியால் தரகர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஒரு தரகர், "சும்மா பைய ஒரு பார்வை பாத்துக்கிடுதேன் தாயி," என்று திரைப் பக்கம் தலையை நீட்டினார். அவள் மானிட்டரை அணைத்துவிட்டு, "கரண்டு போயிட்டு," என்றாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பெருமாள்ராஜ் வந்தது தொண்ணூற்றாறு தொடக்கத்தில். ஸ்ரீவைகுண்டத்துக்காரன், வாழைத்தார் மண்டியில் வேலை. தன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனவன் அடுத்த வாரம் வந்து இன்னொரு பிரதி கேட்டான். அதற்கடுத்த வாரம் எழுத்து மங்கலாக இருக்கிறது என்று வந்தான். "ஏ கலை, ஒருத்தனுக்கு எத்தனை ஜாதகம்ட்டீ வேணும்?" என்று கேட்டேன். "ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்று சீறினாள். ஆனால் காது சிவந்திருந்தது.

பெருமாள்ராஜுக்கு அம்மா மட்டும்தான். பெயர் மாரித்தாய். சிறு வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, வாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்து மகனை ஆளாக்கியவள். மகன் மனசு தெரிந்ததும் முறையாகப் பெண் கேட்டு ஆள் அனுப்பினாள். ஜாதகம் கேட்டார்கள். கலையரசியின் குறிப்பும் வெள்ளத்தில் போயிருந்தது. அவள் அப்பா சொன்ன கணக்கு இதுதான்: "எழுவத்தஞ்சு ஆடி அமாவாசை, வியாழக்கிழமை ராத்திரி மூணு மணி. நான் காரையாறு கோயிலுக்குப் போயிருந்தேன், வந்துதான் பிள்ளை மூஞ்சியப் பாத்தேன்." அவளே பஞ்சாங்கம் பார்த்தாள், ஆகஸ்ட் ஏழு. அவளே தட்டினாள், அதிகாலை மூன்று மணி. பூச நட்சத்திரம் என்று வந்தது. அருமையான நட்சத்திரம் என்று அண்ணாச்சி கையைத் தட்டினார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அவள் அறைக்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தட்டச்சு செய்த மாதங்கள் அவை. கர்ண கொடூரமான குரல், ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம்தான் தச்சநல்லூர் முத்துசுப்பிரமணியன் சார்வாள் வந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மேட்டுத் தெரு என்பதால் அவர் வீட்டுக்கு வெள்ளம் வரவில்லை. மகளுக்குக் கையால் எழுதிய ஜாதகம் பத்திரமாக இருந்தது, தகவல் மையத்தில் பதிய எங்களிடமும் ஒன்று அடிக்கக் கொடுத்தார். அது ஒரு நட்சத்திரம் சொன்னது, நாங்கள் அடித்தது அதற்கு முந்தின நட்சத்திரம் சொன்னது.

"அந்தக் காலத்து ஜோசியர் தப்பா எழுதியிருப்பார் சார்வாள்," என்றார் அண்ணாச்சி.

"எங்க அப்பா எழுதினது வே. உம்ம பெட்டிக்கு எங்க அப்பாவைவிடத் தெரியுமோ?"

இரண்டு பேருக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது. கலையரசி நடுவில் புகுந்து, "சார், உங்க மக பொறந்தது செவ்வாக்கிழமை ராத்திரி ரெண்டு மணின்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின பகல்ல நீங்க பள்ளிக்கூடம் போனது செவ்வாக்கிழமையா, திங்கக்கிழமையா?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போய்ட்டு வந்தேன். ராத்திரி வலி கண்டது. ரெண்டு மணிக்குப் பொறந்தா."

"அப்பம் அது புதன்கிழமை இல்லையா சார்?"

"விடிஞ்சாத்தானேம்மா புதன்கிழமை," என்றார் அவர்.

அவ்வளவுதான். கலையரசி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் புரியச் சற்று நேரமானது. நம் சனங்களுக்கு நாள் என்பது சூரியன் உதிப்பதில் தொடங்கி மறுபடி உதிக்கும்வரை. பஞ்சாங்கமும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்கோ நடுராத்திரி பன்னிரண்டு அடித்தால் மறுநாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு மணி என்று சொன்னவர்களுக்கெல்லாம் நாங்கள் செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போட்டு அதிகாலை இரண்டு என்று தட்டியிருக்கிறோம். முழுதாக ஒரு நாள் முன்னால் பிறக்க வைத்திருக்கிறோம். சந்திரன் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு நட்சத்திரம் தாண்டிவிடும் என்பது ஜாதகம் தெரியாத எனக்கே அதற்குள் பழகியிருந்தது.

சார்வாள் போனதும் அவள் பன்னிரண்டு மணிக்கும் விடியலுக்கும் நடுவில் பிறந்தவர்களை மட்டும் தனியே எடுத்துக் காட்டச் சொன்னாள். தட்டினேன். பெயர்கள் திரையில் ஏறிக்கொண்டே போயின. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து வந்தவர்கள். எல்லாமே தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துச் சொன்னவர்களுக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொருவரையும் கேட்டால்தான் தெரியும். பாதியில் ஒரு பெயர் வந்தது. மு. கலையரசி, சீவலப்பேரி.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளே தன் விவரத்தைத் திறந்து, தேதியை எட்டு என்று மாற்றித் தட்டினாள். ஆயில்யம்.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். அந்த வீட்டுக்குப் போனால் மாமியார் உயிருக்கு ஆபத்து என்று நம்பிக்கை. இதை எனக்கு விளக்கிச் சொன்னதே அவள்தான், வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது.

"ஒன்னோடதை விட்டிரு," என்றேன். "யாருக்குத் தெரியப் போவுது?"

"அப்பா வியாழக்கிழமை ராத்திரின்னுதானே சொன்னாவ. அவுகளுக்கும் விடிஞ்சாத்தான் வெள்ளி."

எல்லாருக்கும் எழுதிக் கேட்க வேண்டும் என்று கலையரசி சொன்னதும் அண்ணாச்சி முதலில் குதித்தார். கார்டு போட்டு எல்லாருக்கும் சொல்வதா? நிலையத்துக்குப் பூட்டுதான் என்றார். பிறகு சார்வாள் வாயை நெல்லையப்பராலும் மூட முடியாது, டவுன் முழுக்கச் சொல்லிவிடுவார், நாமே முந்திக்கொள்வது நல்லது என்று அவருக்கே தோன்றி, கட்டுக் கட்டாக போஸ்ட் கார்டு வாங்கி வந்தார். நீங்கள் சொன்ன ராத்திரி எந்தப் பகலுக்கு அடுத்த ராத்திரி, தயவுசெய்து தெரிவிக்கவும், ஜாதகத்தைச் செலவில்லாமல் மாற்றித் தருகிறோம் என்று எழுதினோம். ஜாதகப் பிரதி யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லாருக்கும் கார்டு போக வேண்டும் என்பது கலையரசி வைத்த விதி. மாரித்தாய் விலாசத்தை அவள் தன் கையாலேயே எழுதினாள். அந்தக் கார்டில் கேள்வி இல்லை. பெண்ணின் நட்சத்திரம் பூசம் அல்ல, ஆயில்யம் என்று மட்டும் இருந்தது.

எழுதி முடித்து, ஏ.சி. அறை மூலையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு பாக்கியம்," என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "நீ என்ன அரிச்சந்திரன் தங்கச்சியாட்டீ? கிழிச்சிப் போடு அதை," என்று கத்தினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் போட்டாச்சி. நம்ம வீட்டுக்கு மட்டும் போடலைன்னா மத்த கார்டெல்லாம் எதுக்கு?" என்றாள்.

கார்டு கிடைத்த மறுநாளே மாரித்தாய் வந்துவிட்டாள். தனியாக, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி. ஒல்லியான பொம்பளை, கை மட்டும் ஆண்பிள்ளைக் கை போல முறுக்கேறியிருக்கும். வாழைச் சருகு அறுக்கும் கை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, நின்றுகொண்டே பேசினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படிச்சாரு. அவரு படிச்சா தெருவே கேட்ட மாதிரிதான். என் கொழுந்தன்மாரெல்லாம் வீட்டு வாசல்ல வந்து நிக்காவ."

"ஆமா அத்த," என்றாள் கலையரசி.

"ஒன்ன எனக்குப் பிடிச்சிருக்கு தாயி. என் மவனுக்கும் பிடிச்சிருக்கு. அந்த எந்திரத்துல பழையபடி மாத்திரு. மொதல்ல வந்ததுதான் சரி, கார்டுதான் தப்புன்னு ஒரு தாள் அடிச்சிக் குடு. நான் போயிக் காட்டுதேன்."

நான் கேட்க விரும்பியதும் அதுதான். அண்ணாச்சியும் தலையாட்டினார். "ஏலே பாக்கியசீலா, அந்த அம்மாவே சொல்லுதாவ. ஒரு பிரதி எடுலே. யாருக்கு என்ன நட்டம்?" நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழு என்று ஒரு எண்ணைத் தட்டினால் போதும், அவள் கல்யாணம் நடந்துவிடும்.

கலையரசி என் கையைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம் அத்த. இன்னைக்கு மனசு வச்சிச் சொல்லுதீங்க. நாளைக்கு ஒங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், இவ தாளை மாத்திக்கிட்டு வந்தவதானேன்னு ஒங்களுக்கே தோணும். நீங்க என்னை அப்பிடிப் பாத்தா எனக்குத் தாங்காது. வாரதுன்னா ஆயில்யம்னு தெரிஞ்சே வாரேன். இல்லைன்னா வேண்டாம்."

மாரித்தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்குப் பயமா இருக்கு தாயி," என்றாள். பொய் இல்லை, அவள் முகத்தில் அது தெரிந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் பல வாரம் எந்தச் சேதியும் இல்லை. பெருமாள்ராஜும் வரவில்லை. மற்ற கார்டுகளுக்குப் பதில் வந்துகொண்டிருந்தது. சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் வைதார்கள். ஆறுமுகநேரியிலிருந்து ஒருவர் வந்து, கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்தாச்சு, இனி நட்சத்திரத்தை மாற்றி எந்த உரலில் போட்டு இடிக்க என்று கேட்டுவிட்டுப் போனார். கலையரசி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே இருந்தாள். பாட்டு மட்டும் நின்றுபோயிருந்தது. அந்தக் கர்ண கொடூரத்துக்கு நான் ஏங்குவேன் என்று நினைத்ததே இல்லை.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் மாரித்தாய் மறுபடி வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அண்ணாச்சியிடமோ என்னிடமோ பேசவில்லை. நேரே கலையரசியிடம் போய்ப் பழத்தை மேஜையில் வைத்தாள்.

"என்னைக்கு இருந்தாலும் சாவத்தானே போறேன். மருமவ கையால கஞ்சி குடிச்சிட்டுச் சாவுதேன். ஒங்க அப்பாட்ட நாள் பாக்கச் சொல்லு."

கலையரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துவிட்டு, ஏ.சி. அறைக் கதவைச் சாத்துங்க, குளிரு வெளிய போவுது என்று எங்களை ஏசினார்.

வைகாசியில் கல்யாணம். ஆற்றங்கரை மண்டபத்தில் வாழைத் தோரணம் கட்டி, மண்டி ஆட்களே பந்தி பரிமாறினார்கள். தேங்காய்ப்பால் சொதிக் குழம்பை நான் மூன்று தரம் வாங்கினேன். கலையரசி அதோடு நிலையத்தை விட்டாள். நானும் படிப்பு முடிந்து மதுரைப் பக்கம் வேலைக்குப் போனேன். ஊருக்கு வரும்போது ஸ்ரீவைகுண்டம் போய் அவர்களைப் பார்ப்பேன். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் வைதுகொண்டே கொஞ்சுவார்கள். "இந்தா, ஒரு கம்ப்யூட்டருக்காரியக் கட்டிட்டு வந்திருக்கான் என் மவன், உப்புக்குக்கூடக் கணக்குக் கேக்கா," என்பாள் மாரித்தாய். அவள் தோட்டக் கூலிக் கணக்கை வாரா வாரம் எழுதிப் படித்துக் காட்டுவது கலையரசிதான்.

தொண்ணூற்றொன்பதில் மாரித்தாய் இறந்தாள். வயிற்றில் கட்டி. நான் போனபோது இன்னும் எடுக்கவில்லை. வாசலில் பந்தலுக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரே பயம். யாராவது அந்தச் சொல்லை எடுத்துவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டே நின்றேன். நினைத்தபடியே ஆயிற்று. கொழுந்தன் பெண்டாட்டி ஒருத்தி மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "ஆயில்யத்தக் கொண்டாந்து வீட்டுல வச்சா வேற என்ன நடக்கும்?" என்றாள்.

என்ன பேசுவது என்று நான் யோசிப்பதற்குள், பக்கத்து வீட்டு ஆசியா உம்மாள் எழுந்துவிட்டாள்.

"வாயை மூடு. மாரித்தாயி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கா. அந்தக் கட்டி கல்யாணத்துக்கு முந்தியே இருந்துச்சாம். மவன் கல்யாணம் நின்னுரக் கூடாதுன்னு மறைச்சி வச்சிருந்தாளாம். என் மருமவள யாரும் ஒரு சொல்லு சொல்லிரப் பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."

"எங்கிட்டயும் சொன்னா," என்றாள் எதிர் வீட்டுக்காரி. "எங்கிட்டயும்தான்," என்றாள் இன்னொருத்தி. கொழுந்தன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பந்தலில் யாரும் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை.

காரியம் முடிந்த அன்று கொல்லைப் பக்கம் கலையரசி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நல்லவேளை, முந்தியே இருந்த நோவுன்னு தெருவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றேன்.

அவள் கொல்லை வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"முந்தி இல்ல பாக்கியம். அத்தைக்கு அது வந்தது போன வருசம்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான். இப்பந்தான் வந்திருக்குன்னு டாக்டர் எங்கிட்டத்தான் சொன்னாரு. சீட்டுல தேதி இருக்கு. அத்தைக்கும் தெரியும். கடைசியில நடக்கக்கூட முடியாத காலத்துல, சுவத்தப் பிடிச்சிப் பிடிச்சி வீடு வீடாப் போயி, முந்தியே இருந்துச்சின்னு சொல்லிட்டு வந்திருக்கு. எனக்கே எடுத்த பெறவுதான் தெரியும்."

அவள் கையிலிருந்த சட்டியை அலசிக் கவிழ்த்தாள்.

"யாராவது கேட்டா நீ என்ன சொல்லுதே?" என்று கேட்டேன்.

"முந்தியே இருந்துச்சின்னுதான் சொல்லுதேன்," என்றாள் கலையரசி.